மேபல் பஸ்ஸின் கூரைச் சட்டம்

வெர்லீன் ஏக்கர்ஸ் என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல.

ஆகஸ்டு மாதக் கடைசி. கணக்கு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு மில்ஃபோர்க் பள்ளிக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புகையிலையும் பன்றியும் வளர்த்த அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில்தான் வந்தேன் என்றாலும் அன்று அது எனக்குத் தேர் மாதிரி இருந்தது. பஸ் கொட்டகைக்குப் பின்னால் நல்ல ஓக் மர நிழல். கொண்டுபோய் நிறுத்தினேன். தரையில் வெள்ளைச் சாயத்தில் 74 என்று எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை.

ஒரு மஞ்சள் பள்ளி பஸ் வந்து என் வண்டியின் மூக்கோடு மூக்கை வைத்து நின்றது. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டினார். ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். செம்பட்டை முடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டி அதட்டி உரமேறிய குரல்.

"உன் டிரைவர் யாரு?"

"நானேதாங்க ஓட்டிட்டு வந்தேன்."

"அதக் கேக்கலடா. ஞாயித்துக்கிழமை கார் ரேஸுல யாருக்காகக் கத்துவ?"

"யாருக்கும் இல்லீங்க."

அவர் என்ஜினை அணைத்துவிட்டார். உடம்பு சரியில்லாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் நீ?"

"பஃபலோ ரிட்ஜுக்கு மேல."

"அந்த மலையில பொறந்துட்டா ஆளில்ல? உங்கப்பனுக்கு?"

"இருந்தாருங்க. அவரு ஓட்டுறத நிறுத்தினப்புறம் அப்பா வேற யாரையும் எடுத்துக்கல. நானும் காலேஜுக்குப் போயிட்டேன்."

"காலேஜு" என்றார், அதுதான் நோய் என்று கண்டுபிடித்துவிட்டவர் போல. "சரி காலேஜு, வண்டிய எடு. அது எழுபத்து நாலு நிக்கிற எடம்."

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில், பிள்ளைகளைத் தவிர, எல்லோருக்கும் நான் காலேஜுதான்.

எனக்குப் பஸ் ஓட்டும் உரிமம் உண்டு என்பது அவருக்கு அக்டோபரில் தெரிந்தது. படிக்கும்போது கைச்செலவுக்காக மூன்று வருடம் மாணவர் பஸ் ஓட்டியிருந்தேன். தெரிந்த மறுநாள் மதிய இடைவேளையில், வறுத்த போலோக்னா இறைச்சி வைத்த சாண்ட்விச் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டேட்டோனா ரேஸுக்கு மேபல ஓட்டிட்டுப் போக ரெண்டாவது ஆள் வேணும். என் வீட்டுக்காரர் ராய்ஸுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. என் முட்டி பாதி வழியில மக்கர் பண்ணுது. வர்றியா?"

"மேபல் யாருங்க?"

மேபலை அன்று மாலையே போய்ப் பார்த்தேன். அது மாவட்டம் கழித்துப்போட்ட பழைய பள்ளி பஸ். உள்ளே இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி. வெளியே நீலமும் வெள்ளையும் அடித்து, இரண்டு பக்கமும் பஸ் உயரத்துக்கு 74. விஷயம் கூரைமேல் இருந்தது. பலகை அடித்து, சுற்றி இரும்புக் கம்பி கட்டி, ஆறு நாற்காலிகளைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அதில் உட்காருகிறவர் யாருடைய ஆளோ அந்த டிரைவரின் எண். வெர்லீனுடையது 74. அதை அடுத்த நாற்காலியும் 74தான். ஆனால் அது பச்சைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தது.

"அதுல யாரு?"

"கூரைக்குன்னு சட்டம் இருக்கு காலேஜு, கேட்டுக்கோ" என்றார் வெர்லீன், என் கேள்வி காதில் விழாதவர் போல. "டேட்டோனாவுல கொடி ஆடுறதுக்கு முன்னால ஒரு ஆளைப் பிடிச்சுக்கணும். எவன வேணாலும் பிடி, எனக்குக் கவலையில்ல. பிடிச்சவன நவம்பர்ல கடைசி ரேஸ் முடியிற வரைக்கும் விடக் கூடாது. தோத்தாலும் விடக் கூடாது, வண்டி எரிஞ்சாலும் விடக் கூடாது. சொந்த ஆளப் பாத்து ஊளையிட்டா ஏணி அதோ இருக்கு. எறங்கிப் போயிடணும். தப்புதான்னு சொன்னாத்தான் மறுபடி ஏறலாம்."

சொல்லிவிட்டுத் தார்ப்பாய்க் கயிற்றை ஒருமுறை இழுத்து முடிச்சைச் சரிபார்த்தார்.

அந்த நாற்காலிக்காரரை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவட்ட பஸ் கொட்டகையின் மெக்கானிக் டெல்மர், வெர்லீனின் சொந்தத் தம்பி. இருவரும் ஒரே கொட்டகையில்தான் வேலை பார்த்தார்கள். ஆறு வருடமாக ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை. நடுவில் யாராவது சிக்கினால் அவர்தான் தபால்காரர். ஒருநாள் நான் சிக்கினேன்.

"அந்த அம்மாகிட்டச் சொல்லு தம்பி, பின்பக்க பிரேக் மாத்தியாச்சுன்னு" என்றார் டெல்மர், பஸ்ஸுக்கு அடியிலிருந்து. அந்த அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்த ஆள்கிட்டச் சொல்லு காலேஜு, ஹாரனும் கம்மிக் கம்மி அடிக்குதுன்னு."

"ஹாரன் தேஞ்சுபோச்சுன்னு சொல்லு. ஒரு அளவாத்தான் அடிக்கணும், அது என்ன மாட்டு வண்டியான்னு கேளு."

"எவ்வளவு அடிக்கணும்னு முப்பது வருசமா ஓட்டுற எனக்குத் தெரியும்னு சொல்லு."

"முப்பது வருசமா நான்தான் மாத்தறேன்னு சொல்லு."

தபால்காரர் தேவைப்படவே இல்லை.

மேபலுக்கும் ஒவ்வொரு ஜனவரியும் எண்ணெய் மாற்றி, பெல்ட் பார்த்து, டயர் தட்டிப் பார்த்துத் தந்தது டெல்மர்தான். "பஸ் எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பார்.

கதையை எனக்கு முழுதாகச் சொன்னவர் வெர்லீனின் கணவர் ராய்ஸ். அவருக்கு ரேஸில் துளி ஆர்வம் கிடையாது. பஸ்ஸுக்குக் கீழே அடுப்பு வைத்துக் கறி வாட்டுவதும், சத்தத்தின் நடுவே தூங்குவதும்தான் அவர் வேலை. அதனாலேயே அவர் சொன்னதை நான் நம்பினேன்.

ஆறு வருடத்துக்கு முன் டார்லிங்டன் ரேஸில் கடைசித் திருப்பம். அக்கா தம்பி இருவருக்கும் ஆளான மெர்ல் ரேட்லிஃப்பின் 74ஆம் எண் வண்டி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டியை முட்டி விலக்கிவிட்டு ஜெயித்தால் எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாகக் கோபிக்க மாட்டார்கள், அது ஆட்டம். ஆனால் அன்று 74 மேலேறி வந்து முன் வண்டியின் பின்பக்க வலது மூலையில் கொக்கி போட்டது. அப்படிப் போட்டால் வண்டி விலகாது, நேராகச் சுவருக்குத் திரும்பும். அது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. திரும்பிய வண்டி சுவரில் மோதி நொறுங்கியது. 74 ஜெயித்தது. டயர் வழுக்கிவிட்டது, வண்டி தானாக மேலே ஏறிவிட்டது, அந்தத் தம்பிக்காக வருத்தப்படுகிறேன் என்று ரேட்லிஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

மேபலின் கூரையில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தபோது டெல்மர் மட்டும் எழுந்து நின்று, கையைக் குவித்து, சொந்த ஆளைப் பார்த்து ஊளையிட்டார்.

"அக்கா எறங்குன்னா. எறங்கிட்டான். அவ்ளோதான்" என்றார் ராய்ஸ், கறியைப் புரட்டியபடி. "தப்புதான்னு அவன் சொன்னா ஏறலாம்னு இவ. நான் சரின்னு அவ சொன்னா ஏறறேன்னு அவன். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த கோவேறு கழுதைங்க."

"ஏன் ஊளையிட்டாராம்?"

"அதக் கேட்டா எப்பவும் ஒரே பதில்தான். கெட்ட வார்த்தை ஒண்ணு கூட வரலைம்பான். எனக்கு வெளங்கல. நீயாவது படிச்சவன், யோசி."

எனக்கும் அப்போது விளங்கவில்லை.

அந்த ஜனவரியில் ரேட்லிஃப் இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். மூன்று வருடமாக ஒரு ரேஸும் ஜெயிக்கவில்லை. அவருக்குப் பின் அந்த எண்ணையே ஓட்டப்போவதில்லை என்று அணிக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் செய்தி வந்த அன்று வெர்லீன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பஸ்ஸிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டெல்மர் ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எழுபத்து நாலு போயிட்டா இவங்களுக்குச் சண்டை போடக்கூட சாமான் இருக்காது" என்றார் ராய்ஸ் அன்று என்னிடம். "இந்த நவம்பருக்குள்ள ஒட்டினா ஒட்டினதுதான். இல்லைன்னா என்னை அடக்கம் பண்ற அன்னிக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிப்பாங்க."

பிப்ரவரியில் நான் டேட்டோனாவுக்கு மேபலை ஓட்டினேன். கொடி ஆடுவதற்கு முன் 63ஆம் எண் பையன் பிரைஸ் டால்டனைப் பிடித்துக்கொண்டேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அவனும் மலைக்காட்டுப் பையன், வென்றால் பேசத் தெரியாமல் விழிப்பான். வெர்லீன் என் நாற்காலி முதுகில் 63 என்று தன் கையாலேயே எழுதினார். "சின்னப் பையன். கண்ணீர் விடவைப்பான், தயாரா இரு" என்றார்.

கூரைமேல் அவரைப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் காதை முழுதாக மூடும் ஹெட்போனை மாட்டி, அதை இடுப்பிலிருக்கும் ஸ்கேனர் பெட்டியில் சொருகிக்கொள்வார். டிரைவரும், உயரத்தில் நின்று அவருக்கு வழி சொல்லும் ஆளும், பணிமனை ஆட்களும் பேசிக்கொள்வது அத்தனையும் அதில் கேட்கும். ரசிகர்கள் பலரும் கேட்பார்கள். வெர்லீன் கேட்பது மட்டுமில்லை, கூரைக்கு ஒலிபரப்பும் செய்வார்.

"சக்கரம் இறுகுதாம்... அடுத்த தடவை காத்து கொறைக்கச் சொல்றான்... ஐயோ, வழுக்கிட்டான், திட்டுறான், திட்டுறான்..."

"என்ன சொல்றான்?" என்பார் ஓப்பல். அவர் வெர்லீனின் சிறுவயதுத் தோழி, வலது கோடி நாற்காலிக்காரி.

"ஞாயித்துக்கிழமை. என்னால சொல்ல முடியாது."

ரேட்லிஃப்பின் வாய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி ஓர் அங்குலம் வழுக்கினாலும் போதும், அவர் வாய் கொட்டித் தீர்த்துவிடும். முதலில் டயர், பிறகு டயர் செய்த கம்பெனி, பிறகு தார் ரோடு, கடைசியில் வானிலை. வெர்லீன் கண்ணை மூடித் தேவாலயப் பாட்டு கேட்பவர் போலத் தலையை ஆட்டிக் கேட்பார். "மனுசன் உயிரோட இருக்கான்" என்பார்.

டேட்டோனாவில் 74 பதினேழாவது. ஏப்ரலில் டாலடேகாவில் மற்றவர் விபத்தில் மாட்டிப் பாதியிலேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பும்போது வெர்லீன், "ஒண்ணு. ஒரே ஒண்ணு ஜெயிச்சுட்டுப் போகட்டும்" என்பார். ஸ்டீயரிங் பிடித்திருந்த எனக்கு அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்பதில் சந்தேகம் வந்தது. ரேட்லிஃப் ஜெயித்தால் தம்பி சந்தோஷத்தில் மேலே ஏறி வந்துவிடுவான், கேள்வியும் பதிலும் இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். கணக்கு என் தொழில். எனக்குக் கேட்டது.

மே மாதம் அன்னையர் தினத்தன்று டார்லிங்டன். மேபலுக்கு அங்கே உள்வட்டப் புல்வெளியில், நாலாம் திருப்பத்தை ஒட்டி, பல வருடமாக ஒரே இடம். காலையில் வேலியோரம் நின்று ஜெபம், பிறகு ராய்ஸின் ஸ்டூ. வெர்லீன் 74 போட்ட நீலத் தொப்பியில் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகியிருந்தார்.

எதிரே, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், கேலரியில் டெல்மர் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக அதே வரிசையாம். எண் இல்லாத சாம்பல் நிறத் தொப்பி, காதில் ஹெட்போன், மடியில் பைனாகுலர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெர்லீன் தன் பைனாகுலரைக் கீழே வைத்ததும் நான் எடுத்து அதே பக்கம் பார்த்தேன். அவர் கொடிக்காரரைத்தான் பார்ப்பதாகச் சொன்னார். கொடிக்காரர் இன்னும் மேடைக்கே வரவில்லை.

"அந்தப் பக்கம் வெயில் அதிகம்" என்றார் ஓப்பல், யாரையும் குறிப்பிடாமல்.

"தொப்பி போட்டிருக்கான்" என்றார் வெர்லீன்.

அந்தத் தரை டயரைத் தின்னும். வெளிச்சுவரில் உரசாத வண்டி இல்லை. பாதி ரேஸுக்குள் எல்லா வண்டிக்கும் வலப்பக்கச் சாயம் போய்விட்டது. யாரும் எதிர்பார்க்காதபடி என் பையன் 63 முன்னால் போய்விட்டான். அதைவிட எதிர்பார்க்காதபடி 74 அவனைத் துரத்திக்கொண்டு வந்தது. கடைசிப் பத்துச் சுற்று. கூரையில் யாரும் உட்காரவில்லை. வெர்லீன் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார். இந்த முறை அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஆடிப்பாட வேண்டி அதைக் கழற்றி எறிந்துவிட்டாராம். ஓப்பல் பிறகு சொன்னார்.

"உள்பக்கம் காலிங்கிறான் வழிசொல்றவன்" என்று ஒலிபரப்பினார். "காலி, காலி, உள்ள போங்கிறான். போடா கண்ணு. உள்ள போ."

கடைசிச் சுற்று, நாலாம் திருப்பம், எங்கள் மூக்குக்கு முன்னால். 63 நடுவில் வந்தான். உள்பக்கம் ஒரு வண்டி தாராளமாகப் போகும் இடம் இருந்தது. போனால் ஜெயிக்கலாம், தோற்கவும் தோற்கலாம். 74 உள்ளே போகவில்லை. மேலேறியது. வலது மூலையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். என் பையன் சுவருக்குத் திரும்பினான். 74இன் நீலமும் வெள்ளையும் முடிவுக்கோட்டைத் தாண்டியது.

கூரை அதிர்ந்தது. பக்கத்து பஸ்களின் ஹாரன்கள், பியர் நுரை, ஓப்பல் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தது. நான் 63ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ஜன்னல் வழியாக வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டினான். எனக்கு மூச்சு வந்தது. என் ஆள் அடிபட்டவன், நான் அந்தக் கூரைக்கு விருந்தாளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெர்லீன் அசையாமல் நின்றார். இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். ஏதோ வர வேண்டியது வருமென்று காத்திருப்பவர் போல.

"என்ன சொல்றான்?" என்று ஓப்பல் கத்தினார். "வெர்லீன், என்னடி சொல்றான்?"

"அது முடிஞ்சுதுங்கிறான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

அதற்குள் ஒலிபெருக்கியில் ரேட்லிஃப்பின் குரல் மைதானம் முழுக்க வந்தது. டயர் வழுக்கிவிட்டது. வண்டி தானாக மேலே ஏறிவிட்டது. அந்தத் தம்பிக்காக வருத்தப்படுகிறேன்.

வெர்லீன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். வாயைச் சுற்றிக் கையைக் குவித்தார். முப்பது வருடம் பஸ்ஸின் கடைசி வரிசைப் பயல்களை உட்காரவைத்த அந்தக் குரல், சொந்த ஆளைப் பார்த்து, அவன் ஜெயித்த நாளில், ஊளையிட்டது. ஒரே மூச்சு. மூச்சு தீர்ந்ததும் இன்னொரு மூச்சு. பக்கத்து பஸ்களில் ஆடியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"வெர்லீன்! நம்ம ஆளுடி அது!"

"தெரியும் ஓப்பல். அதனாலதான்."

"டயர் வழுக்கிச்சுங்கிறானே..."

"வழுக்கினா திட்டுவான். இருபத்தாறு வருசமா கேக்கறேன். ஓர் அங்குலம் வழுக்கினா ஒரு சுத்து திட்டுவான். இன்னிக்கு ஒரு கெட்ட வார்த்தை கூட வரல." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிடம் அந்த வாக்கியத்தைக் கேட்பவர் போல நின்றார். பிறகு தார்ப்பாய் மூடிய நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஏணியை.

"ராய்ஸ்! ஏணியப் பிடி."

கீழே ராய்ஸ் விழித்துக்கொண்டார். "முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சா?"

"ரேட்லிஃப்."

"அடி சக்கை! அப்புறம் எதுக்கு எறங்குற?"

"ஊளையிட்டேன்."

"யாரப் பாத்து?"

"அவனப் பாத்துதான்."

ராய்ஸ் கரண்டியும் கையுமாக அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, அந்தச் சட்டம் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப மாத்திக்கோயேன்."

"எனக்கு வந்தா மாத்தறதுன்னா அது எதுக்குச் சட்டம்? பிடி, முட்டி வலிக்குது."

ஒவ்வொரு படியாக இறங்கினார். தலை நிமிர்ந்தே இருந்தது. தொப்பியில் பூவும் அப்படியே இருந்தது. புல்லில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கூரையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் இல்லாத கூரையில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் சுரங்கப்பாதை வழியாக டெல்மர் வந்தார். வேகமாக வந்தவர் பஸ்ஸைக் கண்டதும் நடையைக் குறைத்துக்கொண்டார். அத்தனை கூரையும் ஆடும்போது ஒரே ஒரு ஆள் கையைக் குவித்து நிற்பதை அவர் பைனாகுலரில் பார்த்திருந்தார். அக்காவின் ஹெட்போனில் கேட்டது இவர் காதிலும் கேட்டிருந்தது. அவர் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"கெட்ட வார்த்தை ஒண்ணு கூட வரலக்கா."

"வரல."

"அன்னிக்கும் வரல."

"அன்னிக்கு நான் கேக்கல. காதுல மாட்டல. நீ சொன்னத கேட்டிருக்கணும்."

ராய்ஸ் கரண்டியை ஓசையில்லாமல் கீழே வைத்தார். வெர்லீனிடமிருந்து இதைவிடப் பெரியது ஒன்றும் கிடைக்காது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டெல்மருக்கும் தெரிந்தது.

"உன் நாக்காலி மேலதான் இருக்கு" என்றார் வெர்லீன். "நனையல. ஏறிக்கோ."

"நீ?"

"நான் எறங்கிட்டேன்."

"தப்புன்னு சொல்லிட்டு ஏற வேண்டியதுதான?"

"தப்பு இல்லையே. எப்படிச் சொல்றது?"

டெல்மர் கூரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஐஸ் பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "அப்ப எனக்கு மட்டும் மேல என்ன வேலை?"

"ரெண்டும் கீழயா?" என்றார் ராய்ஸ். "நான் எங்க படுக்கறது?"

ஓப்பல்தான் முதலில் சிரித்தார். பிறகு வெர்லீன் சிரித்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. டெல்மர் சிரிக்கவில்லை. ஸ்டூ இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மூன்றாவதை வாங்கும்போது, "ஹாரன் இன்னும் தேஞ்சுதான் இருக்கு" என்றார். தபால்காரர் இல்லாமல் அக்காவிடம் நேராகச் சொன்ன புகார் அது.

அதன்பிறகு அந்த வருட ரேஸ்களில் வெர்லீன் 74 தொப்பியைக் கழற்றவே இல்லை. பிப்ரவரியில் பிடித்தவனை நவம்பர் வரை விடக் கூடாது என்பதும் சட்டம்தானே. கத்துவதில்லை, ஆனால் தொப்பி தலையில் இருந்தது. உடன்பிறந்த இரண்டு பேரும் பஸ் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து வேலிக்கு மேல் வண்டிகளின் கூரை மட்டும் ஒரு கோடாகப் பறப்பது தெரியும். எந்த வண்டி எங்கே என்று நான் மேலிருந்து குனிந்து சொல்வேன். "கேக்குது, கேக்குது, நீ பாரு" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டுவார்கள்.

அக்டோபரில் டாலடேகா. சாதாரணமான மதியம். பெட்ரோல் போட உள்ளே திரும்பிய 74 வேகத்தை அடக்க முடியாமல், டயர் நான்கும் பூட்டிக்கொண்டு, புகையோடு தன் இடத்தைத் தாண்டிச் சறுக்கிப் புல்லில் போய் நின்றது. மேலே நாங்கள் தலையில் கை வைத்தோம். கீழே வெர்லீனும் டெல்மரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். இருவர் காதிலும் ஒரே சமயத்தில் வந்தது. டயர் வந்தது, டயர் கம்பெனி வந்தது, ரேஸ் நடந்த அலபாமா மாநிலம் வந்தது, வானிலையும் வந்தது.

"கேட்டியா!" என்று கத்தினார் வெர்லீன். "கேட்டியாடா? இது! இதுதான் வழுக்கினது!"

"இது வழுக்கினது!" என்றார் டெல்மர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஐஸ் பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சுற்றியிருந்த 74 ரசிகர்கள் எல்லோரும் துக்க முகத்தோடு நின்றபோது அந்த இரண்டு பேர் மட்டும் தங்கள் ஆளின் தோல்வியைக் கல்யாணம் மாதிரிக் கொண்டாடியதை யாரும் புரிந்துகொள்ளவில்லை. கூரையில் இருந்த எங்களுக்குப் புரிந்தது. அவருக்கு அவர்கள் கொடுத்த வழியனுப்பு அதுதான். நவம்பரில் ரேட்லிஃப் கடைசி ரேஸை இருபதுக்குக் கீழே எங்கோ முடித்துக்கொண்டு போனார். வெர்லீன் அன்று தொப்பியைக் கழற்றி, தூசு தட்டி, மேபலின் டிரைவர் இருக்கைக்கு மேலே மாட்டினார். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை, தூக்கியும் போடவில்லை.

வெர்லீன் ஏக்கர்ஸ் இப்போதும் மில்ஃபோர்க் பள்ளியில் பஸ் ஓட்டுகிறார். டெல்மர் அதைப் பழுதுபார்க்கிறார். பிரேக்கைப் பற்றி நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பிப்ரவரியில் வெர்லீன் 63ஆம் எண் பையனைப் பிடித்துக்கொண்டார். டெல்மர் வேண்டுமென்றே அவனுடைய எதிராளியைப் பிடித்திருக்கிறார். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். கூரையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை, அதனால் இருவரும் தரையில்தான் இருக்கிறார்கள்.